அம்மா எதையும் மறந்து வைக்கவில்லை

செல்வி, மணி, இரண்டு பேரும் இதைக் கடைசி வரி வரைக்கும் படியுங்கள். நடுவில் கோபம் வரும். வந்தாலும் படியுங்கள். அம்மாவின் இந்த முதலாண்டு நினைவு மலரைக் கையில் வாங்கிய உறவினர்களும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் எட்டாவது வரை படித்தவன். பிழை இருந்தால் மணி திருத்தட்டும், விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

உங்கள் அம்மா பிறந்தது முத்தாண்டிக்குப்பம். பெற்றோருக்கு முந்திரித் தோப்பில் கூலி வேலை. சின்ன வயதிலேயே கொட்டை உடைக்க உட்கார்ந்தவர். கொட்டைத் தோலிலுள்ள எண்ணெய் பட்டுப் பட்டு விரல் ரேகை தேய்ந்துவிட்டது. ரேஷன் கடை மெஷினில் கை வைத்தால் எடுக்காது. வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். அம்மா சிரித்துக்கொண்டே, "என் மேல திருட்டு கேசு போட முடியாதுங்க" என்பார்.

என்னைக் கட்டிக்கொண்டு என் ஊரான வடக்குத்துக்கு வந்தார். எனக்கு நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை, மண் ஓடும் பெல்ட்டுக்கு அடியில் விழுகிற மண்ணை வாரிப் போடுவது. கடைசி வரைக்கும் பெர்மனென்ட் ஆகவில்லை, இடுப்புவலி மட்டும் பெர்மனென்ட் ஆனது. வேலை இல்லாத மாதங்களில் அம்மா தராசையும் முந்திரிப் பருப்பையும் கூடையில் வைத்து டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ்களுக்குக் கொண்டுபோய் விற்றார். அதில்தான் நீங்கள் படித்தீர்கள். கொட்டை வறுக்கும் புகையில் அவருக்கு மூச்சு இழுப்பு வந்தது. அதையும் வைத்துக்கொண்டுதான் நடந்தார்.

போன வருஷம் தை மாதம் செல்விக்குப் பிரசவம். மாப்பிள்ளைக்கு மிலிட்டரி வேலை, ஜம்முவில் குடித்தனம். அம்மா திருப்பதியைத் தாண்டி எங்கும் போனதில்லை. ஒரு மாதத்துக்கு முன்பிருந்தே பை கட்ட ஆரம்பித்துவிட்டார். பருப்பு வாங்கும் டீச்சரம்மா ஒருவர், ஊருக்கு ஊர் குளிர் மாறும் என்று விவரம் சொல்லி, தன் வீட்டிலிருந்த இரண்டு ஸ்வெட்டர், ஒரு கம்பளிச் சால்வை, குரங்குக் குல்லா எல்லாம் கொடுத்திருந்தார்.

அதை அம்மா அடுக்கிய விதம் இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. கடைசியில் வேண்டியது அடியில். அதாவது ஜம்முவுக்கான கம்பளித் துணிகள் எல்லாவற்றுக்கும் கீழே. அதற்கு மேல் நாக்பூர் தாண்டினால் போர்த்திக்கொள்ள மெல்லிய போர்வை. மேலாக, விஜயவாடா வரைக்கும் வேர்க்கும் என்று பருத்திப் புடவையும் துண்டும். மூன்று தடவை பிரித்து அடுக்கினார்.

"இன்னா, அங்கியே குடித்தனம் பண்ணப் போறியா?" என்று கேட்டேன்.

"நம்மூரு வெயில மூட்ட கட்டிகினு போவ முடியாது இல்லீங்க, அதான் இத கட்டுறேன். பையத் தொறந்தா ஊர் ஊரா கைக்கு வரணும்."

கிளம்பும் நாள் காலையில் அம்மா பக்கத்து வீட்டில் சாவி கொடுக்கப் போனார். நான் பையைத் தூக்கிப் பார்த்தேன், இடுப்பில் சுருக்கென்றது. வெளியே வெயில் அடிக்கிறது, சட்டை முதுகில் ஒட்டுகிறது. போனால் மாப்பிள்ளை வீட்டில் கம்பளி இல்லாமலா போகும் என்று நினைத்தேன். பையின் அடியிலிருந்த அத்தனையையும் உருவி, காலி முந்திரிச் சாக்கில் திணித்துக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். பத்து கிலோவாவது குறைந்தது என்று எனக்குச் சந்தோஷம். அம்மாவிடம் சொல்லவில்லை.

பிள்ளைகளே, நான்தான் எடுத்தேன். அம்மா மறக்கவில்லை.

நாக்பூர் வரைக்கும் அம்மா சொன்னபடியே ஊர் ஊராகக் கைக்கு வந்தது. போபால் தாண்டியதும் காற்று ஊசியாகக் குத்தியது. எங்கள் பெட்டியில் ஒரு ஜன்னல் சரியாக மூடவில்லை. அம்மா பைக்குள் கையை விட்டார். கை அடிவரைக்கும் போனது. எல்லாவற்றையும் எடுத்து சீட்டில் வைத்துவிட்டு வெறும் பையைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"பாரமா இருந்துச்சு. எடுத்து கட்டில் கீழ வெச்சிட்டேன்" என்றேன்.

திட்டியிருந்தால் தேவலை. எடுத்ததைத் திரும்பப் பைக்குள் அடுக்கிக்கொண்டே, "சரி வுடுங்க. போர்வ இருக்குது இல்ல" என்றார்.

மறுநாள் விடியும்போது டெல்லிக்கு முன்னால் ஒரு சின்ன ஸ்டேஷனில் ரயில் நின்றுவிட்டது. பனிமூட்டத்தில் எதிர் பிளாட்பாரமே தெரியவில்லை. மதியம் வரைக்கும் நகரவில்லை. அம்மாவுக்கு இழுப்பு வந்துவிட்டது. கொண்டுவந்த நான்கு புடவையையும் ஒன்றின் மேல் ஒன்றாகச் சுற்றினேன். என் வேட்டிகளைச் சுற்றினேன். என் சட்டைகளையும் போட்டுவிட்டேன். அப்போதும் அம்மா, "ஜவுளிக்கட பொம்ம மாதிரி ஆக்கிட்டீங்களே" என்றார். சிரிக்கப் பார்த்தார், மூச்சு வரவில்லை. நான் இறங்கி சுடுதண்ணீருக்கு ஓடினேன். எனக்கு அவர்கள் பாஷை தெரியாது. என் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, ரயிலைக் காட்டிக் கும்பிட்டேன். பைத்தியக்காரன் என்று நினைத்திருப்பார்கள். டீ விற்றவர் ஒருவர்தான் புரிந்துகொண்டு கெட்டிலோடு என் பின்னால் வந்தார். எதிர் சீட்டில் இருந்த ஒரு குடும்பம் தங்கள் ரஜாயை, பஞ்சு வைத்துத் தைத்த கனமான போர்வையை, எடுத்துப் போர்த்தியது. அதற்குள் அம்மாவின் உதடு நீலமாகிவிட்டது.

ஜம்மு ஸ்டேஷனில் செல்வி நிறைமாதமாக வந்து நின்றாள். அம்மாவைப் பார்த்ததும் அழுதாள். அழுகையிலேயே கோபமும் வந்தது. "எத்தினி வாட்டி போன்ல சொன்னேன்? ஸ்வெட்டர் எங்கம்மா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொல்லிவிட்டார். "மறந்துட்டேண்டி. கட்டில் கீழயே வெச்சிட்டு வந்துட்டேன்."

ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். நெஞ்சில் சளி கட்டிவிட்டது என்றார்கள். ஆறாம் நாள் செல்விக்குப் பெண் குழந்தை பிறந்தது. மாப்பிள்ளை போனில் படம் காட்டினார். அம்மா அந்தப் போனை நெஞ்சிலேயே வைத்துக்கொண்டார். ஏற்கெனவே இழுப்பு உள்ள உடம்பு, எப்படியும் வந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அந்தப் பேச்சை நான் பல தடவை எனக்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன். மனசில் நிற்கவில்லை.

எட்டாம் நாள் என்னைக் கிட்டே கூப்பிட்டார். "புள்ளைங்ககிட்ட சொல்லிடாதீங்க. அதுங்க உங்களோட பேசாம பூடும். எனக்குப் பின்னால உங்களுக்கு யாரு இருக்கா?"

மறுநாள் போய்விட்டார். அங்கேயே தகனம் செய்து, சாம்பலைக் கடலூர் கடலில் கரைத்தோம். கருமாதிக்கு வீடு கூட்டும்போது கட்டிலுக்குக் கீழே அந்தச் சாக்கு கிடந்தது. எல்லாரும் பார்த்தார்கள். "பாவம், ஞாபகமில்லாம வெச்சிட்டுப் போயிருக்குதே" என்றார்கள். நான் மொட்டைத் தலையோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் மணி இந்த மலருக்காக எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினான். "மற்றவர்களை நினைத்துத் தன் ஸ்வெட்டரையே மறந்து போன எங்கள் அம்மா" என்று இருந்தது. பாசமாகத்தான் எழுதியிருந்தான். ஸ்டேஷனில் திட்டியதுதான் அம்மாவிடம் கடைசியாகக் கோபமாகப் பேசியது என்று செல்வி இன்றும் போனில் அழுகிறாள். நான் செய்ததற்கு அவள் அழுகிறாள். அம்மா கேட்டதை மீறுகிறேன். மணி எழுதியது அச்சில் ஏறிவிட்டால் பேரப்பிள்ளைகளும் அப்படித்தான் படிக்கும். மூன்று தடவை பிரித்து அடுக்கியவரை மறதிக்காரி என்று என்னால் விட முடியவில்லை. நீங்கள் என்னோடு பேசாவிட்டால் அது எனக்கு வர வேண்டியதுதான்.

பெயர் தெரியாத அந்த டீக்காரருக்கும், ரஜாயைத் திரும்பக் கேட்காமலேயே இறங்கிப் போன குடும்பத்துக்கும், ஆஸ்பத்திரியில் மாறி மாறிக் காவலிருந்த மாப்பிள்ளையின் சிப்பாய் நண்பர்களுக்கும், கம்பளி கொடுத்த டீச்சரம்மாவுக்கும், ஒரு வருஷமாக எனக்குச் சோறு கொடுத்தனுப்பும் பக்கத்து வீட்டாருக்கும் கைகூப்புகிறேன். டீச்சரம்மா மன்னிக்க வேண்டும்.

இதை எழுதி முடித்த பிறகு நேற்று ஒரு காரியம் செய்தேன். அதையும் சேர்த்துவிடுகிறேன். வீட்டில் யாரும் இல்லை. கட்டிலுக்குக் கீழிருந்து சாக்கை இழுத்து, துணிகளை ஒரு துண்டில் மூட்டையாகக் கட்டினேன். அம்மாவின் தராசைப் பரண்மேலிருந்து இறக்கித் துடைத்தேன். உத்தரத்தில் கயிறு போட்டுத் தொங்கவிட்டு, ஒரு தட்டில் மூட்டையை வைத்தேன். மறு தட்டில் இரண்டு கிலோ கல்லை வைத்தேன். அப்புறம் ஒரு கிலோ. அப்புறம் கால் கிலோ.

முள் நேராக நின்றது.

மூட்டையை எடுத்துப் பார்த்தேன். ஒரு கை போதுமாக இருந்தது.