இரண்டு பிரதமரும் ஒரு தமிழ்ப் பிரதியும்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையை நாங்கள் படுவான்கரை என்போம். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் நான் குடியுரிமைக் கல்வி படிப்பித்துக்கொண்டிருந்தேன். என் வீடு கிழக்குக் கரையில். தினமும் காலையில் 'பாதை'யில் ஏறி வாவியைக் கடக்க வேண்டும். பாதை என்பது மோட்டார் பூட்டிய தட்டையான பெரிய மிதவை. ஆட்கள், சைக்கிள்கள், மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் ஒன்றாக ஏறி, நின்றபடியே அக்கரை போவோம்.

2018 ஒக்டோபர் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், ஜனாதிபதி பிரதமரை நீக்கிவிட்டு வேறொருவரைப் பிரதமராக்கினார். நீக்கப்பட்டவரோ நான்தான் இன்னும் பிரதமர் என்று உத்தியோகபூர்வ வீட்டை விட்டு வெளியே வர மறுத்தார். நாட்டுக்கு ஒரே நேரத்தில் இரண்டு பிரதமர்.

திங்கட்கிழமை பாதையில் வேறு கதையே இல்லை. காத்தான்குடியிலிருந்து துணி மூட்டையோடு வந்து படுவான்கரைக் கிராமங்களில் விற்கும் வியாபாரி ஒருவர் எங்களோடு நெடுநாளாகப் பயணம் செய்பவர். முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல எல்லாரும் அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவர் என்னைக் கண்டதும் கேட்டார்.

"டீச்சர், நீங்கதானே இந்தப் பாடம் படிப்பிக்கிற. இப்ப ஆரு பிரதமர்?"

"எனக்கும் தெரியா காக்கா."

"படிப்பிக்கிற ஆளுக்கே தெரியாட்டி?" என்று சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள்.

எனக்கு அந்தச் சிரிப்பே புதிதாக இருந்தது. யுத்த காலத்தில் இதே பாதையில் அரசியல் பற்றி ஒருவரும் வாய் திறந்ததில்லை. பக்கத்தில் நிற்பவர் யாரென்று தெரியாது. கரையில் இறங்கினால் அடையாள அட்டையை நீட்ட வேண்டும். தண்ணீரைப் பார்த்தபடி போய்த் தண்ணீரைப் பார்த்தபடி வருவோம். இப்போது பிரதமர் யார் என்று நடு வாவியில் சத்தமாகக் கேட்கிறார்கள்.

பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியரான அதிபர் என் மூன்றாம் தவணை வினாத்தாளோடு காத்திருந்தார். அது நான் முந்தின வாரமே எழுதிக் கொடுத்தது. அதில் ஒரு கேள்வி, 'இலங்கையின் தற்போதைய பிரதமர் யார்?' தெரிவு செய்ய நான் கொடுத்திருந்த நான்கு பெயர்களில் அந்த இரண்டு பேருடைய பெயரும் இருந்தது.

"ரெண்டுக்கும் புள்ளி குடுக்கப் போறீங்களா டீச்சர்?" என்றார் அதிபர்.

"கேள்விய மாத்திறன் சேர்."

"மாத்தாதீங்க, எடுத்திருங்க. பிறகு தாய் தகப்பன்மார் கட்சி பிரிஞ்சு வந்து நிப்பாங்க."

எடுத்துவிட்டேன். ஆனால் ஒன்பதாம் வகுப்பில் அதை எடுக்க முடியவில்லை. யன்னலோரம் இருக்கும் ஒரு பிள்ளை, எதையும் எழும்பி நின்று கேட்பவள், அன்றும் எழும்பினாள்.

"மிஸ், ஜனாதிபதிக்குப் பிரதமர நீக்க ஏலுமா?"

பாடப்புத்தகத்தில் பிரதமரைப் பற்றிச் சில வரிகள்தான். நியமிப்பது பற்றி இருந்தது, நீக்குவது பற்றி இல்லை. "பார்த்துச் சொல்றன்" என்றேன்.

அந்தக் கிழமை முழுவதும் தொலைக்காட்சியில் சட்டத்தரணிகள் வாதாடினார்கள். அரசியலமைப்பின் ஆங்கிலப் பிரதியில் ஒரு மாதிரி இருக்கிறதாம், சிங்களப் பிரதியில் வேறு மாதிரியாம். நீக்க முடியும் என்றவர்கள் சிங்களத்தைக் காட்டினார்கள். முடியாது என்றவர்கள் ஆங்கிலத்தைக் காட்டினார்கள். பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு எண்ணம் வந்தது. தமிழிலும் ஒரு பிரதி இருக்குமே, அதில் என்ன எழுதியிருக்கிறது? ஒரு சட்டத்தரணியும் அதைத் தொடவில்லை. தமிழ் அலைவரிசையில் பேசியவர்கள்கூட ஆங்கிலத்தை வாசித்துத்தான் விளக்கம் சொன்னார்கள்.

சனிக்கிழமை டவுணுக்குப் போனேன். என்னோடு ஒன்றாகப் படித்த ஒருத்தி நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் சட்டத்தரணியாக இருக்கிறாள். விசயத்தைச் சொன்னதும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"காணி வழக்கெண்டு நினைச்சன். நீ அரசியலமைப்புக் கேட்டு வந்திரிக்கிறாய்."

"இருக்கா இல்லையா?"

"இருக்கவேணும். நான் இங்கிலீசுலதான் பார்க்கிற. தமிழ்ல ஒருத்தரும் கேட்டதில்ல."

அலுமாரியின் அடித்தட்டிலிருந்து தூசு தட்டி எடுத்தாள். இரண்டு பேரும் மேசையில் விரித்து வாசித்தோம். ஒரு வசனம் தொடங்கினால் அரைப் பக்கம் ஓடியது. எழுவாய் எங்கே, பயனிலை எங்கே என்று விரலால் தேடினோம். வெளியே அவளுடைய கட்சிக்காரர் ஒருவர் இருமிக்கொண்டிருந்தார். அவள் எழும்பவில்லை. "இங்க பார், இங்க பார்" என்று என்னைவிட அவள்தான் பக்கம் புரட்டினாள். நான் சட்டம் படித்தவளில்லை. எனக்கு விளங்கிய அளவில், பிரதமர் தானாக விலகலாம், பாராளுமன்ற உறுப்பினராக இல்லாமற் போனாலும் பதவி போகும் என்று இருந்தது. அந்தப் பக்கத்தில் ஜனாதிபதி நீக்கலாம் என்று நான் காணவில்லை. அவளோ, வாதாடுகிறவர்கள் வேறு பக்கங்களையும் இழுப்பார்கள், அவசரப்படாதே என்றாள். வேண்டிய தாள்களைப் போட்டோக் கொப்பி எடுத்துக்கொண்டு வந்தேன்.

திங்கட்கிழமை காக்கா அந்தத் தாள்களைக் கண்டுவிட்டார். "ஒருக்கா வாசிங்க டீச்சர்" என்றார். மோட்டார்ச் சத்தத்துக்கு மேலாக வாசித்தேன். ஏழெட்டுப் பேர் நெருங்கி வந்தார்கள். வயலுக்குப் போகிற ஒருவர் மண்வெட்டியில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "டீச்சர், இது எங்க முடியிது?" என்றார்.

"இன்னும் முடியல்ல."

"கரை வந்திற்றே!"

உண்மைதான். வசனம் முடியுமுன் பாதை கரை தட்டிவிட்டது. ஆனாலும் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளை இறக்காமல் முடியும்வரை நின்றார்கள்.

வகுப்பில் பிள்ளைகளிடம் தாள்களைக் கொடுத்தேன். குழுக்களாக இருந்து வாசித்தார்கள். நீக்கலாம் என்று ஒரு பக்கம், முடியாது என்று ஒரு பக்கம் வாதாடினார்கள். எழும்பி நின்று கேட்கும் பிள்ளை கடைசித் தாளின் கீழ் வரியில் விரலை வைத்து வாசித்தாள். பிறகு எழும்பினாள்.

"மிஸ், இதில கடைசியில என்னவோ எழுதியிரிக்கு. சிங்களத்துக்கும் தமிழுக்கும் இடையில வித்தியாசம் வந்தா சிங்களந்தான் செல்லுமாம்."

நான் அந்த வரியைக் கவனித்திருக்கவில்லை. தாளை வாங்கிப் பார்த்தேன், இருந்தது.

"அப்ப நாங்க ஏன் மிஸ் தமிழ்ல வாசிச்ச?"

"என்ன நடக்குதெண்டு எங்களுக்கு விளங்கத்தானே மகள்" என்றேன். அவள் திரும்ப உட்கார்ந்தாள். ஆனால் அது அவளுக்குப் போதவில்லை என்று முகத்தில் தெரிந்தது. எனக்கும் போதவில்லை.

நவம்பரில் ஜனாதிபதி பாராளுமன்றத்தையே கலைத்தார், உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை போட்டது. மாத நடுவில் கூடிய பாராளுமன்றத்துக்குள் உறுப்பினர்களே மிளகாய்த்தூள் எறிந்தார்கள், கதிரைகள் பறந்தன. பாதையில் எல்லாருடைய கையிலும் அந்த வீடியோதான். காக்காவுக்கு அதில் ஒன்றுதான் விளங்கவில்லை. "எங்கள எண்டா அரசாங்கக் கச்சேரிக்குள்ள விடவும் பேக்கத் திறந்து பாக்கிறாங்க. மிளகாய்த்தூள் எப்பிடி உள்ளுக்குப் போன?" ஆளுக்கொரு வழி சொன்னார்கள். மண்வெட்டிக்காரர் இடுப்புச் சாரத்து மடிப்பில் என்றார். அங்கே சாரம் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள் என்பதால் அந்த விளக்கம் எடுபட்டது.

பாடசாலை விடுமுறையில் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. பாராளுமன்றத்தைக் கலைத்தது பிழை என்றார்கள். சில நாட்களில் மற்றவர் விலக, நீக்கப்பட்டவரே திரும்பவும் பிரதமராகச் சத்தியம் செய்தார். எங்கள் பக்கத்தில் அதற்காக வெடி கொளுத்தியவரும் இல்லை, அழுதவரும் இல்லை. இரண்டு பேரில் யாரிடமும் எங்களுக்குப் பெரிய எதிர்பார்ப்பு இருக்கவில்லை. ஆனால் அந்தச் சில கிழமைகள், நாட்டை யார் எந்த வரியைப் பிடித்துக்கொண்டு ஆளுகிறார்கள் என்று அறிய நாங்கள் ஆசைப்பட்டோம். நான் நினைத்துப் பார்ப்பது அதைத்தான்.

ஜனவரியில் பள்ளித் தவணை தொடங்கிய நாள், பொங்கலுக்கான புதுத் துணிகளோடு காக்கா பாதையில் நின்றார்.

"நீதவான்மாரெல்லாம் ஒரே மாதிரிச் சொன்னாங்களாமே டீச்சர். அவங்க எந்தப் பாசையில வாசிச்சிருப்பாங்க?"

அதுவும் எனக்குத் தெரியவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றேன். சட்டத்தரணித் தோழி, தீர்ப்பு ஆங்கிலத்தில்தான் எழுதியது என்றாள்.

பொங்கல் முடிந்து என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் தாய் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். காக்கா அவருடைய வாசலில் துணியை விரித்துவிட்டு, பிரதமரை ஆரு நீக்கலாம், ஆரு நீக்க ஏலாது என்று பக்கத்து வீட்டாரையும் கூப்பிட்டு விளக்கம் சொன்னாராம்.

"சரியாச் சொன்னாரா?" என்று கேட்டேன்.

"ஆருக்குத் தெரியும் டீச்சர். மகள் இடையில ரெண்டு மூண்டு தரம் இல்லையெண்டு மறிச்சவள். பிறகு ரெண்டு பேரும் நிண்டு வாதாடினாங்க. நான் அதுக்கிடையில ஒரு சாறி எடுத்திற்றன்."