நானாக எழுதிய எண்கள்

கல்யாணமாகி மலைக்குப் போனபோது என் ஆராய்ச்சி பாதியில் நின்றிருந்தது. எண்பதுகளின் தொடக்கம். போடிமெட்டைத் தாண்டி ஜீப்பில் ஒரு மணி நேரம் போனால் வரும் ஏலக்காய்த் தோட்டத்தில் என் கணவருக்கு மேனேஜர் வேலை. விடிந்ததும் சரிவில் இறங்கிவிடுவார். பொழுது சாயத்தான் திரும்புவார். நல்ல மனிதர். பேச்சுத்தான் குறைவு. சாப்பிட்டு முடித்ததும், "கதவைச் சாத்திக்க, அட்டை ஏறிரும்" என்பார். சில நாட்களில் எங்களுக்குள் நடந்த முழுப் பேச்சும் அதுதான்.

மதுரை ஆய்வுக்கூடத்தில் நாங்கள் ஒரு புதிய கதிர்வீச்சு உணர்கருவி செய்துகொண்டிருந்தோம். ஓர் அணுக்கரு நியூட்ரானைப் பிடித்துக்கொண்டால் அதிலிருந்து காமாக் கதிர்கள் கிளம்பும். அவற்றை அளந்தால் எவ்வளவு நியூட்ரான் பிடிபட்டது என்று தெரியும். ஆனால் எங்கள் பழைய கருவியிலிருந்த படிகம், சிதறி வந்த நியூட்ரான்களைத் தானே பிடித்துக்கொண்டு தன் பங்குக்கும் கதிர் கிளப்பியது. எது ஆய்வுப் பொருளிலிருந்து வந்தது, எது கருவியிலிருந்தே வந்தது என்று பிரிக்க முடியவில்லை. அதனால் படிகத்தை விட்டுவிட்டு, நியூட்ரானை அவ்வளவாகத் தீண்டாத ஒரு திரவத்தை மெல்லிய அலுமினியக் குப்பியில் அடைத்துப் பார்ப்பதென்று முடிவானது. கதிர் பட்டால் அந்தத் திரவம் மின்னும். எந்த ஆற்றலுள்ள கதிருக்கு எவ்வளவு மின்னும் என்று முன்கூட்டியே கணக்கிட்டுத் தருவது என் பொறுப்பு.

கம்ப்யூட்டரில் நேரம் கிடைப்பது அப்போது குதிரைக்கொம்பு. "கையாலயே போட்டுப் பாரும்மா. மலையில உனக்கு நேரம் கிடைக்கும்ல" என்றார் என் பேராசிரியர். நேரத்துக்கு ஒரு குறைவும் இல்லை.

வேலை இப்படி: ஒரு கதிர் குப்பிக்குள் எந்த இடத்தில் நுழைகிறது, எவ்வளவு தூரம் போகிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதையெல்லாம் குருட்டாம்போக்கில் வரும் எண்களை வைத்து முடிவு செய்ய வேண்டும். ஒரு கதிர் முடிந்ததும் அடுத்தது. அப்படி நூற்றுக்கணக்கில். அந்த எண்களுக்கென்றே ஒரு புத்தகம் நூலகத்தில் இருந்தது. அதிலிருந்து நாற்பது பக்கங்களைக் கையால் எழுதிக் கொண்டுபோயிருந்தேன்.

வைகாசி முடிவதற்குள் நாற்பது பக்கமும் தீர்ந்துபோயின. மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலுக்கு வெளியே மூன்று முழத்துக்கு அப்பால் பனிமூட்டம். மதுரைக்கு எழுதி எண்களை வரவழைத்திருக்கலாம். நான் எழுதவில்லை. தோன்றிய எண்களை நானாகவே எழுதிக்கொண்டேன். ஏழு, இரண்டு, ஒன்பது, நான்கு. யாருக்கு என்ன தெரியப்போகிறது என்றுகூட நினைக்கவில்லை. எண்தானே என்றுதான் நினைத்தேன்.

கணக்குப் போட்ட காகிதக் கட்டைத் தபாலில் அனுப்பிய மூன்றாவது வாரம், போடியிலிருந்து லோடு ஏற்றி வந்த ஜீப்பில் பேராசிரியரின் பதில் வந்தது. நான்கே வரி. "பின்பாதித் தாள்களில் ஒரே இலக்கம் அடுத்தடுத்து ஒருமுறைகூட வரவில்லை. பூஜ்யம் மிகக் குறைவு. இந்த எண்கள் எங்கிருந்து வந்தன?"

குருட்டாம்போக்கில் வரும் எண்களில் ஒரே இலக்கம் அவ்வப்போது அடுத்தடுத்து வந்தே தீரும்; யோசித்து எழுதும் கைதான் அதைத் தவிர்க்கும். முகம் எரிந்தது. அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மழை தொடங்கியதிலிருந்து நான் பேசிக்கொண்டிருந்தது என்னோடு மட்டுமே என்பதை அந்தத் தாள்கள் காட்டிக்கொடுத்துவிட்டன. உண்மையை எழுதி அனுப்பிவிட்டு, என்னிடமிருந்த நகலில் பின்பாதி முழுவதையும் அடுப்பில் போட்டேன்.

மழையால் தோட்டத்தில் வேலை நின்றிருந்தது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் இருந்த ஓர் அக்கா எனக்குத் துணையாக வந்து உட்காருவார். போடிப் பக்கம் ராசிங்காபுரத்துக்காரர், கணவர் இறந்தபின் மலையேறியவர். பூஜ்யம் முதல் ஒன்பது வரை அட்டைத் துண்டுகளில் எழுதி ஒரு தூக்குவாளியில் போட்டு அவரிடம் கொடுத்தேன்.

"இத குலுக்கி ஒண்ணு எடுங்க. சொல்லிட்டுத் திரும்ப உள்ள போட்ருங்க."

"சாமிக்குச் சீட்டுப் போட்டுப் பாக்குறியா ஆத்தா?"

"இல்லக்கா. படிப்புச் சோலி."

அவர் எடுத்து எடுத்துச் சொன்னார். ஒரு நாள் சட்டென்று கையை நிறுத்தினார்.

"மூணு தடவையும் ஆறே வருது. மாத்தி எடுக்கவா?"

"வேண்டாம். வந்தது வரட்டும்."

"நான் வேணும்னே எடுத்தேன்னு நெனச்சுறாத."

எனக்குச் சிரிப்பு வந்தது. மலைக்கு வந்தபிறகு வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். அவரும் சிரித்தார். பிறகு தன் மகனைப் பற்றிச் சொன்னார். திருப்பூருக்குப் போனவனிடமிருந்து கடுதாசி வரவில்லையாம். "அடுத்த எண் எடுங்கக்கா" என்றேன். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று இன்றுவரை நினைக்கிறேன்.

ஆவணியில் மழை விட்டது. காய் எடுப்பு தொடங்கியதும் அவர் வருவது நின்றது. வழியில் பார்த்தால் சாக்கைத் தோளில் மாட்டியபடி, "சோலி கெடக்கு ஆத்தா, வர்றேன்" என்று வெரசாகப் போய்விடுவார். மீதிக் கதிர்களின் கணக்கை, சீட்டையும் நானே எடுத்து, ஐப்பசிக்குள் முடித்தேன். அடுத்த கடிதத்தில் பேராசிரியர் கேள்வி எதுவும் கேட்கவில்லை. குப்பி செய்யக் கொடுத்துவிட்டதாக மட்டும் எழுதியிருந்தார்.

மறுவருடம் கருவி ஓடத் தொடங்கியதும் பார்க்கப் போனேன். காப்பிச் செம்பைவிடச் சற்றுப் பெரியது. வெளிச்சம் புகாதபடி கறுப்பு நாடா சுற்றியிருந்தது. என்னைவிட இளைய மாணவி ஒருத்தி அதை இயக்கிக்கொண்டிருந்தாள். கருவியே கிளப்பும் பொய்க் கணக்கு, பழைய கருவியின் வரைபடத்தில் கூரைபோல் எழும்பி நின்றது, இதில் தரையோடு படிந்திருந்தது. ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் என் கணக்கிலிருந்து எடுத்த அட்டவணைப்படிதான் மதிப்புப் போட்டார்கள்.

"இந்த அட்டவணை நீங்க போட்டதாக்கா?" என்று கேட்டாள்.

ஆமென்றேன். அவளுக்கு வேலை இருந்தது. அரை மணி நேரம் பின்னால் நின்று பார்த்துவிட்டுக் கிளம்பினேன்.

போடியில் பஸ்ஸை விட்டு இறங்கி, மலைக்குப் போகிற ஜீப்பில் தோட்டத்துப் பெண்களோடு நெருக்கி உட்கார்ந்தேன். வளைவுகளில் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தோம். பக்கத்தில் இருந்தவர் என் வயிற்றைப் பார்த்தார்.

"மதுரைக்கா போன? ஆஸ்பத்திரிக்கா? விசேசமா?"

"இல்லக்கா. ஒரு சோலியா போனேன்."

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

அவர் தலையசைத்துவிட்டு, மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார்.