வட்டியில்லாக் காசுக்கு ஒரு தேத்தண்ணி

வெள்ளிக்கிழமை பின்னேரம் நான்கு இருபதுக்குத்தான் எல்லாம் பிழையாகப் போகத் தொடங்கியது. நோர்வேயில், ஒஸ்லோவுக்குப் பக்கத்து ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் பால் வாங்க வரிசையில் நின்றவள், சும்மா இருக்க முடியாமல் கைத்தொலைபேசியில் வங்கிக் கணக்கைத் திறந்தேன். மகளின் மாணவர் கணக்கும் அதில் தெரியும். பள்ளிக்கூடக் காலத்தில் பார்க்க அனுமதி தந்தவள், பேர்கனுக்குப் படிக்கப் போன பிறகும் அதை எடுக்க மறந்துவிட்டாள். மாணவர்களுக்குக் கணக்கில் காசு இல்லாவிட்டாலும் ஓர் எல்லை வரைக்கும் வட்டியில்லாமல் எடுக்க விடுவார்கள். நாங்கள் அதை மைனஸ் என்போம். அந்த எல்லை முழுவதையும் அவள் ஒரே நாளில் எடுத்திருந்தாள்.

அழைத்தேன். எடுக்கவில்லை. ‘பிறகு கதைக்கிறன்’ என்று ஒரு குறுஞ்செய்தி. அதன்பின் தொலைபேசி அணைந்துவிட்டது. “அவள் பெரிய பிள்ளை, விடும்” என்றார் கணவர். நான் விடுகிற ஆளா? வங்கிக்கு எழுதினேன். கணக்கு மகளுடையது, அவளைப் பற்றி என்னிடம் எதுவும் சொல்ல முடியாது என்று ஓர் இயந்திரம் பதில் போட்டு, வேறு ஏதும் உதவி வேண்டுமா என்றும் கேட்டது. அப்போதுதான் இங்கரை நினைத்துக்கொண்டேன்.

இங்கர் என்றால் எனக்கு நனைந்த கம்பளிக் கோட்டின் மணம். கூடவே கறுவா பன் மணம். இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு வாக்கில், ஒஸ்லோவில் எங்கள் வீட்டுப் பக்கத்து வங்கிக் கிளைக்கு நேர் எதிரே ஒரு வெதுப்பகம் இருந்தது. வங்கி வாசலில் இலக்கத் துண்டைக் கிழித்துக்கொண்டு உட்கார வேண்டும். கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டபடி இங்கர் மூன்றாம் கவுண்டரில் இருப்பார். எனக்கு மாணவர் கணக்குத் திறந்து, பத்தாயிரம் குரோணர் மைனஸும் தந்தவர் அவர்தான்.

எங்கள் ஆட்களிடம் வட்டியில்லாமல் கைமாற்று வாங்குவதற்கு ஒரு முறை உண்டு. வாங்கியவர், தந்தவர்களின் வீடு தேடிப் போய், அவர்கள் தரும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, காசு என்னத்துக்குப் போனது என்று சொல்ல வேண்டும். வங்கிக்கும் அதுதான் முறை என்று நம்பிய ஒரே மாணவி நான்தான் என்று நினைக்கிறேன். முதல் மைனஸில் பனிச்சப்பாத்து வாங்கினேன். மறுநாளே இலக்கத் துண்டு எடுத்து, காத்திருந்து, இங்கரிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. எழுந்து, கவுண்டருக்கு மேலால் எட்டிச் சப்பாத்தைப் பார்த்து, நல்லதாகத்தான் வாங்கியிருக்கிறாய் என்றார். அதன்பின் பாடப்புத்தகம், அப்பாவின் பல்வலி என்று எல்லாவற்றுக்கும் போனேன். தேத்தண்ணி மட்டும்தான் இல்லை.

இந்தக் கதையை மகளுக்கு நூறு தரம் சொல்லியிருப்பேன். “திருப்பியும் இங்கரோ?” என்பாள். விரல் கதையை மட்டும் சொன்னதில்லை.

அடுத்த வருடம், நாட்டின் வடகோடியில் இருக்கும் ஹம்மர்பெஸ்ட்டில், மீன் தொழிற்சாலையில், திருகோணமலைப் பெடியன் ஒருவருக்கு இயந்திரத்தில் விரல் போனது. எங்கள் வீட்டில் அவரைத் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும். தோழி வீட்டில் சோதனைக்குப் படிக்கிறேன் என்று அம்மாவுக்குப் பொய் சொல்லிவிட்டு, மைனஸ் முழுவதையும் எடுத்து விமானம் ஏறினேன். ஆஸ்பத்திரியில் என்னைக் கண்டதும் “உமக்கு விசரே?” என்று கேட்டுவிட்டு அழுதார்.

திரும்பி வந்து இரண்டு கிழமை வங்கிப் பக்கம் போகவில்லை. எதிர்ப்பக்கத்தால் குனிந்து நடந்தேன். கடைசியில் ஒருநாள் துண்டு எடுத்தேன். என் இலக்கம் வந்தபோது எழும்பாமல் இருந்துவிட்டு, இன்னொரு துண்டு எடுத்தேன். மூன்றாவது துண்டில்தான் கால் வந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். இங்கர் காசைப் பற்றிக் கேட்கவில்லை. “எந்த விரல்?” என்றுதான் கேட்டார். என் கையில் காட்டினேன். அந்த விரலைக் கவுண்டருக்கு மேலால் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். “படிப்பை முடி. காசு ஆறுதலாக வரட்டும்” என்றார். என்னுடைய அம்மாவுக்கும் முன்னமே, இந்த உலகத்தில் இங்கருக்குத்தான் எங்கள் விசயம் தெரியவந்தது.

கோடை விடுமுறையில் முதியோர் இல்லத்தில் வேலை செய்து முழுவதையும் கட்டினேன். விரல் போனவரோடுதான் கலியாணம். அதற்குச் சொல்லப் போனபோது மூன்றாம் கவுண்டரில் வேறொருவர் இருந்தார். இங்கர் ஓய்வு பெற்றுவிட்டாராம். எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. இப்போது அந்த இடத்தில் கைத்தொலைபேசி உறை விற்கிறார்கள். வெதுப்பகமும் இல்லை, இலக்கத் துண்டும் இல்லை. மகளின் வங்கிக்குக் கவுண்டரே கிடையாது. ஒரு பிள்ளை குனிந்து நடப்பதென்றாலும் எதிர்ப்பக்கம் எங்கே இருக்கிறது?

இரண்டு இரவும் இதையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்?

ஞாயிறு பின்னேரம் அழைப்பு மணி அடித்தது. ஏழு மணித்தியால ரயிலில் கசங்கிய உடுப்போடும் முதுகுப்பையோடும் மகள் நின்றாள். கண் வீங்கியிருந்தது. சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

“அம்மா, போனில சொல்லுற விசயமில்லை, அதுதான் வந்தனான்” என்றாள். “முதல் தேத்தண்ணி போடுங்கோ.”