பெயரை மட்டும் எடுத்தேன்

ஒரு பெண்ணின் ஊரையும் கணவரின் வேலையையும் சொன்னால் எங்கள் சனம் ஆளைக் கண்டுபிடித்துவிடும். இது தெரிந்தும் நான் ஏன் யோசிக்கவில்லை?

லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் உணவுப் பொதி வழங்கும் தொண்டு நிறுவனமொன்றில் உதவி செய்கிறேன். மகளை நேர்சரியில் விட்டு வந்த அவசரத்தில், பொதி வாங்க வரும் ஒரு அக்காவின் கதையைச் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்து, பெயரை நீக்கி எங்கள் நிறுவனத்தின் செய்திமடலுக்கு எழுதச் சொன்னேன். அது பெயரை மட்டுமே நீக்கியது. ஊர், இரட்டைப் பிள்ளைகள், கணவரின் பேக்கரி வேலை எல்லாம் அப்படியே இருந்தன. வாசித்துவிட்டுத்தான் அனுப்பினேன்.

அடுத்த வாரம் அக்கா அழைத்தார். ஏசவில்லை.

"கோயிலில மச்சாள் கேக்கிறா, சாப்பாட்டுக்கும் வழியில்லையோ எண்டு. நான் இனி அங்க வரேல்ல, தங்கச்சி."

இப்போது எந்தக் கதையையும் உரியவருக்கு வாசித்துக்காட்டி, அவர் ஓம் என்ற பிறகே அனுப்புகிறேன். அக்காவின் பொதியை அவர் வீட்டுக்கே கொண்டுபோகலாமா, அதுவும் அவரைக் காட்டிக்கொடுக்குமா? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.