பொன்னுத்துரை குடல் டாக்டரைப் பார்க்கப் போனது

திண்டுக்கல்லுக்கும் செம்பட்டிக்கும் இடையே தனியார் பஸ் ஓட்டும் பொன்னுத்துரைக்கு வயது நாற்பத்து மூன்று. அந்தச் சாலையில் மற்ற டிரைவர்களுக்கு வேகத்தடைகள் மனப்பாடம். அவருக்குக் கக்கூஸ்கள். பெட்ரோல் பங்கில் ஒன்று. கல்யாண மண்டபத்தில் ஒன்று, அதுவும் முகூர்த்த நாளில்தான் திறந்திருக்கும். நடுவில் பத்து கிலோமீட்டருக்கு ஒன்றுமே கிடையாது.

ஏழு மாதமாக இப்படித்தான். எதைத் தின்றாலும் அடுத்த நிமிடம் ஓட வேண்டும். அதனால் வண்டி எடுக்கும் நாளில் சாப்பிடுவதையே விட்டுவிட்டார். மூன்று மாதமாக ரத்தமும் போனது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

மனைவி அய்யம்மாள், வயிற்றில் ஏதோ தங்கிவிட்டது என்று தொக்கம் எடுக்கிற அம்மாவிடம் கூட்டிப் போனாள். அந்த அம்மா வயிற்றில் குழலை வைத்து உறிஞ்சி, ஒரு கறித்துண்டை எடுத்துக் காட்டினாள். பொன்னுத்துரை கறி தின்று நாலு மாதமாகியிருந்தது. இருந்தாலும் கேட்ட காசைக் கொடுத்துவிட்டு வந்தார்.

ஆடி மாதத்தில் ஒருநாள் காலை, முன்னால் போன காய்கறி லாரி அச்சு முறிந்து சாலையை அடைத்துக்கொண்டது. பஸ்ஸில் ஐம்பது பேர். பொன்னுத்துரைக்கு அடிவயிறு முறுக்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு நூறு வரை எண்ணினார். முடியவில்லை. சாவியை உருவிக்கொண்டு குதித்து, தெரிந்த முதல் வீட்டுக்கு ஓடினார். வாசலில் முருங்கைக்காய் கட்டிக்கொண்டிருந்த பெண் அவருடைய காக்கிச் சட்டையையும் முகத்தையும் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கொல்லைப்பக்கம் கையைக் காட்டினாள்.

திரும்பி வந்தபோது லாரியை ஓரமாகத் தள்ளி வழி விட்டிருந்தார்கள். பின்னால் நின்ற வண்டிகள் எல்லாம் ஹாரனை அலறவிட்டன.

"காலங்காத்தாலயே ஊத்திட்டு வந்திருக்கான்யா! காலு நிக்குதா பாரு!" என்று யாரோ கத்தினார்கள்.

அவர் ஏறி வண்டியைக் கிளப்பினார். சாயங்காலம் முதலாளி நைனா முகமது, "குடிச்சியா பொன்னுத்துரை?" என்று கேட்டபோது, வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாத அந்த மனிதர், "ஆமாண்ணே, தப்புத்தான்" என்றார். குடிகாரனுக்கு ஒரு வாரத் தண்டனை. சீக்காளி என்றால் ஸ்டியரிங்கே போய்விடும் என்பது அவர் கணக்கு.

ஜீவிதா அந்தப் பொய்யை நம்பவில்லை. ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாக இருந்த அவள், தினமும் முன்சீட்டில் வருகிறவள். பஸ் ஸ்டாண்டில் அவரை மடக்கினாள்.

"அண்ணே, பேண்ட்ட கயிறு போட்டுக் கட்டியிருக்கீங்க. எம்புட்டு எடை கொறைஞ்சிருக்கு? ரத்தம் போகுதா?"

அவர் சட்டையைக் கீழே இழுத்துக் கயிற்றை மறைத்தார்.

"இதுக்குச் சும்மா வயித்துவலி டாக்டர் பத்தாது. எம்.டி.க்கு மேல டி.எம்.னு குடலுக்குன்னே படிச்சவங்க இருக்காங்க. டியூப் விட்டு அவங்களே பாக்குறாங்களா, காப்பீட்டு அட்டை எடுப்பாங்களான்னு போன் பண்ணிக் கேளுங்க."

இரண்டு டாக்டர்களின் பெயரை எழுதிக் கொடுத்தாள். மதுரைக்காரர் பெயர் பெற்றவர். ஆனால் அங்கே போக ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் உட்கார வேண்டும். வைத்தியம் வேண்டிய வியாதியே வைத்தியரிடம் போக விடவில்லை. திண்டுக்கல்லில் வியாழக்கிழமைதோறும் பார்க்கிற லேடி டாக்டர் மற்றொருவர். ஆம்பிளை எப்படிக் காட்டுவது என்று நாலு நாள் கூசினார். கடைசியில் இரண்டு இடத்துக்கும் போன் போட்டார். ஜீவிதா கேட்கச் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தி, "உக்கார்ற எடத்துக்குப் பக்கத்துலயே பாத்ரூம் இருக்குங்களா?" என்றார். திண்டுக்கல்லில் இருந்தது. லேடி டாக்டரே முடிவானார்.

போவதற்கு முன் ஒரு வாரம் எல்லாவற்றையும் எழுதச் சொல்லியிருந்தாள் ஜீவிதா. "அங்க போனா வாய் வராதுண்ணே. எத்தன தடவை, ரத்தம் எம்புட்டு, என்ன மாத்திரை போட்டீங்க, வீட்டுல யாருக்காச்சும் இருந்துச்சா... எல்லாம் எழுதுங்க."

முதல் நாள் 'நாலு தடவை' என்று எழுதினார். செத்த நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அடித்து 'ஒன்பது' என்று திருத்தினார். கடைசிக் கேள்விக்கு இடம் விட்டு வைத்தார்.

துவைக்க எடுத்த சட்டைப் பையில் அந்தத் தாள் அய்யம்மாள் கையில் சிக்கியது.

"ரத்தமா போகுது... எங்கிட்டச் சொல்லணும்னு தோணலையா?"

"சொன்னா நீ என்ன செய்வ?"

"தொக்கம் எடுக்கக் கூட்டிட்டுப் போயிருக்க மாட்டேன்ல!" என்று அழுதாள். பிறகு பேனாவை வாங்கி, அவர் விட்டுவைத்த இடத்தில், 'மாமனாருக்கு. குடலில் புற்று. 51 வயசு' என்று எழுதினாள். அவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

டாக்டர் அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். ஒரு வாரம் கழித்து டியூப் பரிசோதனை. முந்தின நாள் கஞ்சித்தண்ணி மட்டும், சாயங்காலம் குடலைக் கழுவுகிற மருந்து. அய்யம்மாள் டம்ளர் டம்ளராக ஊற்றிக் கொடுத்தாள். ஓடுவதையும் வருவதையும் யாருக்கும் மறைக்கத் தேவையில்லாத நாள், ஏழு மாதத்தில் அது ஒன்றுதான்.

டியூப் விட்டபோது எடுத்த சதைத் துணுக்கின் ரிசல்ட்டும் வந்த பிறகு டாக்டர் சொன்னார்: "புத்து இல்ல. பெருங்குடல்ல புண்ணு. முழுசாப் போற வியாதி இல்ல, அடக்கி வைக்கலாம். மாத்திரைய நீங்களா நிறுத்தக் கூடாது. அப்பப்ப டியூப் விட்டும் பாக்கணும்."

"வண்டி ஓட்டலாங்களா?"

"மொதல்ல அடங்கட்டும்."

புற்று இல்லை என்றதும் அய்யம்மாள் கும்பிட்டாள். அவருக்கோ 'முழுசாப் போகாது' என்றது மட்டும்தான் காதில் நின்றது.

அன்றே முதலாளியிடம் உண்மையைச் சொன்னார். நைனா முகமது வண்டிச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். "குடிகாரன்னா எப்பத் திருந்துவன்னு கேப்பேன். ஒன்னைய என்னன்னு கேக்க?" என்றார். ஷெட்டில் பஸ்களைக் கழுவ நகர்த்தி விடும் வேலை கொடுத்தார். மூன்று மாதம் ஐம்பதடி முன்னால், ஐம்பதடி பின்னால் என்று ஓட்டினார் பொன்னுத்துரை. ஒன்பது இரண்டாகக் குறைந்தது. எடை கொஞ்சம் ஏறியது. செம்பட்டிக்குக் காலையில் ஒரு நடை ஓட்டுவது மட்டும் திரும்பக் கிடைத்தது.

தைப்பூசத்துக்குப் பழனி ஸ்பெஷல் ஓட்ட ஆள் போதவில்லை. காலை நடைக்குக் கிளம்ப இருந்த, நிரம்பிய பஸ்ஸின் படியில் நின்று, "நீ போறியாப்பா?" என்று கேட்டார் முதலாளி.

"ஏலாதுண்ணே. எனக்குக் குடல்ல புண்ணு" என்றார் பொன்னுத்துரை, எல்லோர் காதிலும் விழ. முன்சீட்டில் இருந்த ஒருவர் பையை எடுத்துக்கொண்டு பின்னால் போய் நின்றுகொண்டார். பொன்னுத்துரை கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டு, செம்பட்டிக்கு வண்டியை எடுத்தார்.