கையெழுத்துக்குக் கேட்ட விலை

நயினாதீவு இராசமணி லேசில் ஒருவரையும் நம்புகிறவள் அல்ல. மீன்காரன் தராசைத் தூக்கினால் அவன் முகத்தைப் பார்க்கமாட்டாள், விரலைத்தான் பார்ப்பாள். கட்டின புருஷன் சரவணமுத்தரை மட்டும் நம்பியிருந்தாள். அதுவும் அவர் தெற்கே கடை வைத்துக்கொண்டு வருஷத்துக்கு இரண்டு தரம் வந்துபோன காலத்தில். பக்கத்தில் இல்லாத மனுஷனை நம்புவதில் என்ன கஷ்டம்?

கடை நட்டத்தில் போய்விட்டது, வெறுங்கையோடு வந்திருக்கிறேன் என்று அவர் ஒருநாள் பெட்டியோடு வந்து கதிரையில் குந்தினார். அன்றைக்குத்தான் சந்தேகம் அந்த வீட்டுக்குக் குடிவந்தது.

இராசமணிக்குச் சீதனமாக வேலணையில் ஒரு தோட்டக் காணி கிடந்தது. பார்க்க ஆளில்லாமல் அதை விற்றாள். யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டப்படி புருஷன் கையெழுத்துப் போட்டு ஒப்பம் வைக்காமல் பெண்சாதி தன் காணியை விற்க முடியாது என்று பத்திரம் எழுதிய நொத்தாரிசு சொன்னார். சரவணமுத்தர் சிரித்த முகத்தோடு ஒப்பம் வைத்தார். காசு தன் கைக்கு வரும் என்ற நினைப்பு. இராசமணி அதை யாழ்ப்பாணத்தில் ஒரு வங்கியில் தன் பேரில் மட்டும் வைப்பிலிட்டாள். அன்றிலிருந்து மனுஷனுக்குச் சோற்றில் ஒரு நாள் உப்பில்லை, மறுநாள் உப்புக் கூட என்று குறைதான்.

இந்த வருஷம் சித்திரைக்குப் பிறகு வட்டி குறைந்து வந்தது. வங்கிக்குப் போன் எடுத்துக் கேட்டாள். வட்டியில் பிடிக்கிற வரியைக் கூட்டியிருக்கிறார்கள், வருமானம் குறைந்த ஆள் என்றால் வரி நம்பர் எடுத்து ஒரு பத்திரம் நிரப்பித் தாருங்கோ, பிடிக்கமாட்டோம் என்றார்கள். பத்திரம் என்றதும் இராசமணிக்கு நொத்தாரிசுதான் நினைவுக்கு வந்தார். பத்திரம் என்றால் புருஷன் ஒப்பமில்லாமல் நடக்குமா?

"இஞ்சாருங்கோ, வங்கியில ஒரு ஒப்பம் கேக்கினம். வரி வெட்டாமல் இருக்க."

"என்ர ஒப்பமோ?" சரவணமுத்தர் வாசித்த பேப்பரைக் கீழே இறக்கினார். "பின்ன, என்ர ஒப்பம் இல்லாமல் நடக்குமே! வைக்கிறன். முதல்ல அந்தக் காசில என்ர பேரையும் சேர்."

"நீங்கள் வித்த என்ர காப்பு உங்கட தமையன்ர பொடியனுக்கு ஓட்டோவா ஓடினது காணாதோ?"

"அப்ப வரியைக் கட்டு. அரசாங்கத்துக்குப் புண்ணியமாக் கிடக்கும்."

பக்கத்து வீட்டு றஞ்சனியிடம் சொல்லி அழுதாள். றஞ்சனி வாயை அடக்கத் தெரியாதவள்.

"ஒப்பத்துக்கு விலை பேசுற மனுஷன் அக்கா, உள்ளுக்கு என்னவோ வைச்சிருக்கிறார். தெற்கில வேற குசினியில அடுப்புப் புகையுதோ தெரியாது."

"புகைஞ்சால் இவர் ஏன் இஞ்ச வந்து என்ர சோத்தைத் தின்னுறார்?" என்று வெட்டிவிட்டாள் இராசமணி. ஆனாலும் அன்றிரவு அவருடைய பெட்டியைத் துழாவாமல் படுக்கவில்லை. கட்டுகிற இரண்டு சாரமும் ஒரு பழைய கலண்டரும் கிடந்தன.

மாதாமாதம் வட்டியை வெட்ட வெட்ட வயிறு எரிந்தது. கடைசியில், போனால் போகிறது, பேரைச் சேர்ப்போம் என்று இறங்கிவந்தாள். சரவணமுத்தர் சவரம் செய்து, வெளுத்த வேட்டி கட்டி, மாப்பிள்ளை மாதிரி வள்ளத்தில் முதல் ஆளாக ஏறினார். குறிகட்டுவான் துறையில் இறங்கி பஸ் பிடித்தார்கள். 'காசு நூறு பேரைக் கண்டாலும் கரையாது, இவர் கையைக் கண்டால் கரையும்' என்று யாழ்ப்பாணம் வரைக்கும் நினைத்துக்கொண்டே போனாள்.

வங்கியில் கம்சிகா என்ற பிள்ளை மேசையில் இருந்தது. சரவணமுத்தரைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வாங்கோ ஐயா. சித்திரையில தந்த உங்கட வரிப் பத்திரம் சரிவந்திட்டுது."

இராசமணி கைப்பையை மடியில் இறுக்கினாள். "என்ன பத்திரம், பிள்ளை?"

"ஆள் மாறிச் சொல்லுது," என்றார் சரவணமுத்தர்.

கம்சிகாவுக்கு நாக்குத் தவறியது விளங்கிவிட்டது. "ஒருத்தற்ற கணக்கு மற்றவைக்குச் சொல்லக்கூடாது அம்மா."

"சொல்லவேண்டாம். ஒண்டு மட்டும் சொல்லும். அந்தப் பத்திரத்துக்குப் பெண்சாதி ஒப்பம் வேணுமோ?"

"இல்லையே. வரி ஆளுக்கு ஆள் தனி அம்மா. அவரவர் அடையாள அட்டை, அவரவர் ஒப்பம்."

"அப்ப எனக்குப் புருஷன்ர ஒப்பம்?"

"என்னத்துக்கு? அது காணி விக்கிறதுக்கு."

இராசமணி திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். மனுஷன் சுவரில் இருந்த வட்டி விளம்பரத்தைக் கவனமாக வாசித்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியும். முதல் நாளே தெரியும். தனக்கு எடுத்த பிறகுதான் அவளிடம் விலை பேசியிருக்கிறார். வெறுங்கையோடு வந்த மனுஷனுக்கும் வங்கியில் வட்டி வருகிறது.

"பேர் சேர்க்கவெண்டுதானே வந்தனீங்கள்?" என்றது பிள்ளை.

"இண்டைக்கு ஒருத்தற்ற பேரும் சேர்க்கேல்லை. அந்த வரி நம்பரை எங்க எடுக்கிறது?"

வரிக் கந்தோருக்கு விறுவிறு என்று நடந்தாள். சரவணமுத்தர் பின்னால் ஓடிவந்து வாசலோடு நின்றுவிட்டார். அங்கே அவளுடைய வருமானத்தை மட்டும் கேட்டு எழுதினார்கள். நம்பர் வரும், அதைப் பத்திரத்தில் போட்டு வங்கியில் கொடுங்கோ என்றார்கள். வெளியே வந்ததும் அவர் மறித்தார்.

"என்னைப் பற்றி என்ன சொன்னனீ?"

"உங்களை ஒருத்தரும் கேக்கேல்லை."

"கேக்காமல் இருப்பினமே? நட்டத்தில போன கடையைப் பற்றி ஏதும்..."

"கடை நட்டத்திலதானே போனது? பிறகேன் பயம்?"

அவர் பஸ் நிலையப் பக்கம் நடக்கத் தொடங்கினார். கடை எவ்வளவுக்கு விலைப்பட்டது, வங்கியில் எவ்வளவு கிடக்கிறது, யாருக்காகக் கிடக்கிறது? கேட்டால் பொய்தான் வரும். பொய்யைக் காசு கொடுத்து வாங்கவும் வேண்டாம், சும்மா வாங்கவும் வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

திரும்பும் பஸ்ஸில் கொண்டக்டர் வந்தான். இராசமணி காசை நீட்டினாள்.

"அம்மா, இது ஒராளுக்குத்தான் காணும். ஐயாவுக்கு?"

"எனக்குத்தான் எடுத்தனான், தம்பி. அவரிட்ட இருக்குது, கேளும்."

முன் சீற்றில் இருந்த கிழவி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். கொண்டக்டர் கையை நீட்டியபடி நின்றான். சரவணமுத்தர் யன்னல் பக்கமாக நன்றாகத் திரும்பிக்கொண்டு, வேட்டி மடிப்புக்குள் இருந்து, அவள் இதுவரை காணாத ஒரு பேர்ஸை எடுத்துத் திறந்தார்.

இராசமணி வெட்கப்படாமல் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தாள்.