வாங்கியவர் நேரில் வர வேண்டும்

தொண்ணூறுகளின் கடைசியில் பெங்களூர் அல்சூரில் அக்காவும் நானும் ஒரு பூக்கடை வைத்திருந்தோம். மாலையும் மல்லிச்சரமும் மார்க்கெட்டிலேயே கிடைக்கும் என்பதால் எங்களிடம் பொக்கேயும் வீட்டுக்குள் வைக்கிற தொட்டிச் செடிகளும் மட்டும்தான். கடை அக்கா பொறுப்பு. ஸ்கூட்டரில் டெலிவரி என் வேலை. ரூல் எல்லாம் அக்கா போட்டவை. அனுப்பிய பூவை யாராவது வாங்க மறுத்தால், அனுப்பியவரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். செடி இரண்டு மாதத்துக்குள் பட்டுப்போனால் வேறு தருவோம், ஆனால் வாங்கியவர் நேரில் வர வேண்டும். எங்கோ வாங்கிய தொட்டியை எங்கள் தலையில் கட்டப் பார்த்தவர்களால் வந்த ரூல் அது.

பக்கத்துத் தெருவில் ஃபேக்டரி வேலையிலிருந்து ரிட்டயரான ஒருவர் இருந்தார். மகளின் பிறந்தநாளுக்கு ரோஜா பொக்கே சொன்னார். மகளுக்குத் தொம்மலூரில் ஆபீஸ் வேலை. அவள் தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்டதையும், தான் அதற்குப் போகாததையும் அவரே அக்காவிடம் சொன்னார்.

நான் பொக்கேயோடு போனபோது ஆபீஸ் ரிசப்ஷனுக்கு வந்த அந்தப் பெண், அட்டையைப் படித்ததும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அதை அவரிடம் ரூல்படி மறைக்காமல் சொன்னேன். பூவைக் கடையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிப் போனார்.

மறுவாரம் வந்து, சீக்கிரம் வாடாத ஏதாவது வேண்டும் என்றார். அக்கா ஒரு பெகோனியாத் தொட்டியை எடுத்துக் கொடுத்தாள். இந்த முறை அட்டை இல்லை. யார் அனுப்பியது என்று மகள் கேட்டாள், சொன்னேன். இலைகளையே பார்த்துக்கொண்டிருந்தவள், "இருக்கட்டும், வெச்சிட்டுப் போங்க" என்றாள்.

ஒரு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை தொட்டியோடு கடைக்கு வந்தாள். தண்டெல்லாம் அழுகியிருந்தது. மாற்றித் தர முடியுமா என்று கேட்டாள்.

"வாங்குனவங்க வரணும்மா. அதான் எங்க ரூல்" என்றாள் அக்கா.

அந்த ரூலை அக்கா எத்தனையோ பேருக்குத் தளர்த்தியிருக்கிறாள். நான் வாய் திறக்கப் போனேன். ஒரு பார்வையிலேயே என்னை அடக்கிவிட்டாள்.

"அவரு வரமாட்டாரு."

"கூப்ட்டுப் பாத்தீங்களா?"

அந்தப் பெண் கடை போனைத் தன் பக்கம் இழுத்து, யாரிடமும் கேட்காமல் நம்பரைச் சுழற்றினாள்.

"அப்பா, செடி அழுகிப்போச்சு. நீங்க வந்தாத்தான் மாத்தித் தருவாங்களாம்."

அவர் வேகமாக நடந்து வந்திருக்க வேண்டும். பேச மூச்சு வரவில்லை. மகளை நேராகப் பார்க்காமல் தொட்டி மண்ணை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"தண்ணி ஜாஸ்தி ஊத்திட்டியாம்மா?"

"டெய்லி ஊத்துனேன்ப்பா. காஞ்சிடப்போகுதேன்னு."

அக்கா உள்ளே போய் வாளிகளை நகர்த்த ஆரம்பித்தாள். நானும் பின்னாலேயே போய்விட்டேன். திரும்பி வந்தபோது, எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் தாங்குகிற செடி எது என்று இருவரும் சேர்ந்து கேட்டார்கள். ஈரம் பிடிக்கும் என்று ஒரு பெரணியைக் கொடுத்தோம். ஒரே ஆட்டோவில் ஏறினார்கள். தொட்டி அவர் மடியில் இருந்தது.

சில வாரங்கள் கழித்து அவர் மட்டும் வந்தார். மருமகன் பார்த்திருக்கிற வீட்டில் பால்கனிக்கு வெயிலே வருவதில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். வந்த வேலையை அப்புறம்தான் சொன்னார்: நிழலில் என்னென்ன வளரும் என்று தெரிய வேண்டுமாம்.